இன்சுலினும் தோட்டத்து லயமும்: முதலாம் வகை நீரிழிவு பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

நோய்களின் வரலாற்றை மருத்துவ மேதைகளின் வரலாறாக எழுதும் மரபொன்று உண்டு. ஆய்வுகூடத்தில் மருந்து கண்டுபிடிக்கப்பட்ட நாளோடு நோயின் கதை முடிந்துவிட்டது என்பதே அம்மரபின் உள்ளார்ந்த நம்பிக்கையாகும். ஆனால் மருந்து கண்டுபிடிக்கப்பட்ட நாளுக்கும், அது ஓர் உழைப்பாளியின் குழந்தையினது உடலைச் சென்றடையும் நாளுக்கும் இடையே நீண்ட தூரம் உண்டு. அத்தூரத்தை நிர்ணயிப்பன உற்பத்தி உறவுகளும், அரசின் கொள்கையும், மக்களிடையே அறிவு பரவும் முறைமையுமாகும். இவற்றை விடுத்து எழுதப்படும் மருத்துவ வரலாறு பாதி வரலாறே.

இக்கட்டுரையில் நாம் முதலாம் வகை நீரிழிவு என்னும் நோயை எடுத்துக்கொண்டு, அந்நோய்க்கான மருந்தின் வரலாற்றையும் மலையகத் தோட்ட மருத்துவத்தின் வரலாற்றையும் ஒருசேர நோக்க முயல்கின்றோம். அட்டனிலிருந்து டிக்கோயா வழியாகப் பொகவந்தலாவ நோக்கிச் செல்லும் பாதையில், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்துள்ள நோர்வூட்டையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் நமது நோக்கின் களமாகக் கொள்கின்றோம். மருத்துவ அறிவைப் பரப்புவது பற்றித் தமிழிலக்கிய மாணவர்கள் எழுத வேண்டியதேன் என்ற வினா எழலாம். விழிப்புணர்வு என்பது முதலாவதாக மொழியின் பிரச்சினை என்பதே அதற்கு நமது விடை.

2

நோயின் பெயரிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். நூல்வழக்கில் 'நீரிழிவு' என்றும், பழைய வைத்திய நூல்களில் 'மதுமேகம்' என்றும், இலங்கைத் தமிழ்ப் பேச்சுவழக்கில் 'சலரோகம்', 'சீனி வருத்தம்', 'சீனி வியாதி' என்றும் இது வழங்குகின்றது. நீரிழிவு என்ற சொல் நோயாளியின் உடலில் நிகழ்வதைச் சொல்கிறது. சிறுநீர் மிகுதியாகக் கழிதலே அதன் பொருள். சீனி வியாதி என்ற பெயரோ காரணத்தைச் சொல்வதுபோலத் தோன்றி மயக்கத்தை விளைவிக்கின்றது. சீனி தின்றவனுக்கு வரும் வியாதி, முதியவருக்கு வரும் வியாதி, உட்கார்ந்து உண்ணும் பணக்காரருக்கு வரும் வியாதி என்னும் கருத்துகள் அப்பெயரின் நிழலிலே வளர்ந்துள்ளன. மலையேறிக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்நோய் வரக்கூடும் என்ற எண்ணத்துக்கே அப்பெயர் இடமளிப்பதில்லை.

உண்மையில் ஒரே பெயரின்கீழ் இரு வேறு நோய்கள் உள்ளன. பண்டைய இந்திய மருத்துவ நூலான சுசுருத சங்கிதை பிறவியோடு வருவதையும் தவறான உணவால் வருவதையும் வேறுபடுத்தியது. நவீன மருத்துவத்தில் 1936இல் ஹரோல்ட் ஹிம்ஸ்வேர்த் என்னும் பிரித்தானிய மருத்துவர், இன்சுலினுக்கு உணர்திறனுடைய நீரிழிவு, உணர்திறனற்ற நீரிழிவு என இரு வகைகளைச் சோதனைமூலம் பிரித்துக் காட்டினார். இரண்டாம் வகை பெரும்பாலும் வளர்ந்தோரிடத்துக் காணப்படுவது. அவர்தம் உடலில் இன்சுலின் சுரக்கும். ஆனால் போதாது, அல்லது அதன் செயல் தடைப்படும். முதலாம் வகையோ பெரிதும் சிறுவர்களையும் இளைஞர்களையும் பற்றுவது. உடலைக் காக்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதியே, சதையி எனப்படும் கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் கலங்களை அழித்துவிடுகின்றது. இவ்வுண்மை 1970களில் ஆய்வுகளாற் புலப்படலாயிற்று. சீனி தின்றமையால் இது வருவதில்லை. தாயின் கவனக்குறைவால் வருவதில்லை. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதுமில்லை.

இன்சுலின் இன்றேல் உண்ட உணவின் குளுக்கோசு குருதியிலே தேங்கி நிற்கும். உடலின் கலங்களோ பட்டினி கிடக்கும். பட்டினி கிடக்கும் உடல் தன் கொழுப்பையே எரிக்கத் தொடங்க, கீற்றோன் எனப்படும் அமிலப் பொருள்கள் குருதியிற் பெருகும். இந்நிலையை உடனடியாக மாற்றாவிடின் சில நாள்களிலேயே, சிலவேளை சில மணித்தியாலங்களிலேயே, மரணம் நிகழலாம். ஆகவே முதலாம் வகை நீரிழிவுள்ளோருக்கு இன்சுலின் நோயைத் தணிக்கும் மருந்து மாத்திரமன்று. சோற்றையும் நீரையும் போல அன்றாடம் வேண்டப்படும் வாழ்வாதாரமாகும். இந்த இயல்பே இந்நோயைச் சமூக வரலாற்றின் பொருளாக்குகின்றது. ஒருவரது உயிர், அவர் தானாக உற்பத்தி செய்ய முடியாத ஒரு பண்டத்தின் இடையறாத வழங்கலிலே தங்கியிருக்கும்போது, அப்பண்டத்தை உற்பத்தி செய்வோரும் விநியோகிப்போரும் யாவர் என்ற வினா உயிர்வினாவாகிவிடுகின்றது.

3

1869இல் ஜேர்மனிய மருத்துவ மாணவரான போல் லங்கர்ஹான்ஸ், கணையத்தினுள் தீவுகள்போலச் சிதறிக் கிடக்கும் கலத்தொகுதிகளை விவரித்தார். தீவு என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல்லிலிருந்தே பின்னர் இன்சுலின் என்ற பெயர் பிறந்தது. அதே 1869ஆம் ஆண்டிலேதான் இலங்கைக் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் இனங்காணப்பட்டது. அந்நோய் கோப்பிப் பெருந்தோட்டத்தை வீழ்த்தித் தேயிலைக்கு வழி திறந்தது. இரண்டு நிகழ்வுகளுக்கும் காரண காரியத் தொடர்பு எதுவுமில்லை. எனினும் நாம் ஆராயும் இரு வரலாறுகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே முதலாளித்துவ உலக அமைப்பினுள்ளே உருப்பெற்றன என்பதை அது நினைவூட்டுகின்றது.

இன்சுலினுக்கு முந்திய காலத்தில் இந்நோய் கண்ட சிறுவர்க்கு மருத்துவம் அளித்த ஒரே வழி பட்டினியாகும். அமெரிக்க மருத்துவரான பிரெடெரிக் அலன் முதலாம் உலக யுத்தக் காலத்தில் வகுத்த முறைப்படி, குழந்தைகள் மிகக் குறைந்த உணவில் வைக்கப்பட்டனர். சில மாதங்கள், சிலவேளை ஓரிரு வருடங்கள், மரணம் தள்ளிப்போனது. அதுவும் மருத்துவமனைச் செலவைத் தாங்கக்கூடிய குடும்பத்தாருக்கே வாய்த்தது. ஏனையோரின் பிள்ளைகள் நோயின் பெயரே அறியப்படாது மாண்டனர்.

1921இல் கனடாவின் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பிரெடெரிக் பான்ரிங், சார்ள்ஸ் பெஸ்ற் ஆகியோர் பேராசிரியர் மக்லியோட்டின் ஆய்வுகூடத்தில் கணையச் சாற்றைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரி 11ஆம் திகதி லெனாட் தொம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதல் ஏற்றப்பட்டது. முதல் ஊசி பயன்தரவில்லை. உயிரிரசாயனவியலாளரான கொலிப் தூய்மைப்படுத்திய சாறு ஜனவரி 23ஆம் திகதி ஏற்றப்பட்டபோது சிறுவன் தேறினான். 1923இல் கண்டுபிடிப்பாளர்கள் தமது காப்புரிமையைத் தலா ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு விற்றனர். உயிர் காக்கும் மருந்து எவருடைய தனியுடைமையாகவும் ஆகிவிடக் கூடாது என்பதே அவ்விற்பனையின் நோக்கமாகும்.

ஆயினும் மனிதரின் நல்லெண்ணம் உற்பத்தி முறையின் விதிகளை மாற்றிவிடுவதில்லை. இன்சுலினைப் பேரளவில் ஆக்குவதற்கு மாடு, பன்றி ஆகியவற்றின் கணையங்கள் மலைபோல வேண்டப்பட்டன. அமெரிக்காவின் பெரும் இறைச்சித் தொழிலும், அதன் கழிவைப் பண்டமாக்கத் தெரிந்த இலில்லி போன்ற மருந்துக் கம்பனிகளுமே அதனைச் சாத்தியமாக்கின. டென்மார்க்கில் 1923இல் நோர்டிஸ்க் நிறுவனம் தோன்றியது. மருந்தின் பிறப்பு ஆய்வுகூடத்தில் நிகழ்ந்தது. அதன் பரவல் தொழிற்சாலையிலே நிகழ்ந்தது. அறிவு சமூகத்தின் கூட்டுச் சொத்தாக இருக்க, அதன் விளைபொருள் கம்பனியின் பண்டமாயிற்று. 1982இல் மரபணுத் தொழில்நுட்பத்தால் ஆக்கப்பட்ட மனித இன்சுலின் சந்தைக்கு வந்தபின் விலங்குகளின் கணையத்தில் தங்கியிருக்கும் நிலை படிப்படியாக நீங்கியது. ஆனால் உடைமை உறவு மாறவில்லை. புதிய இன்சுலின் வகைகள் புதிய காப்புரிமைகளைக் கொணர்ந்தன. உலகச் சந்தையின் மிகப்பெரும் பகுதி மூன்று பன்னாட்டு நிறுவனங்களின் கையிலே ஒடுங்கியது. ஒரு டொலருக்கு விற்கப்பட்ட காப்புரிமையின் வரலாறு இவ்வாறு முடிந்ததைத் தனிமனிதரின் பேராசையென விளக்குவது போதாது. அது அமைப்பின் தர்க்கம்.

வழங்கல் அறுந்தால் நேர்வது யாது என்பதற்கு இரண்டாம் உலக யுத்தக்காலச் சங்காய் நகரம் சான்றாகும். நாசிகளுக்குத் தப்பி அங்கு அகதிகளாகச் சேர்ந்த ஈவா சக்சில், விக்டர் சக்சில் தம்பதியர், ஜப்பானிய ஆக்கிரமிப்பால் இன்சுலின் கிடைக்காது போகவே, மருத்துவ நூலொன்றை வழிகாட்டியாகக் கொண்டு எருமையின் கணையத்திலிருந்து தாமே இன்சுலின் ஆக்கினர். ஈவாவின் உயிர் மாத்திரமன்றி, அங்கிருந்த ஏனைய நோயாளரின் உயிர்களும் அதனாற் காக்கப்பட்டன. இதனை வீரக்கதையாக மட்டும் படிப்பது தவறு. நூலைப் படித்துப் புரிந்துகொள்ளும் கல்வியும், ஆய்வுகூடமொன்றை இரவல் பெறும் வாய்ப்பும், கூடிச் செயற்படும் மனமும் ஒருங்கே அமைந்தமையாலேயே அது கைகூடியது. மருந்தோடு அறிவும் அமைப்பும் சேர்ந்தால் மட்டுமே உயிர் காக்கப்படும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

4

இனி மலையகத்தை நோக்குவோம். தோட்ட மருத்துவம் எத்தேவையிலிருந்து பிறந்தது என்பதை அறிந்தாலன்றி, நீரிழிவுள்ள ஒரு பிள்ளைக்கு அதனுள் இடமில்லாது போனமையை விளங்கிக்கொள்ள முடியாது.

தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கொணரப்பட்ட தொழிலாளர் வழியிலும் தோட்டத்திலும் பெருந்தொகையாக மடிந்தமை, கோப்பிக் காலத்திலேயே குடியேற்ற அரசைச் சிந்திக்க வைத்தது. 1872இல் தோட்டப் பகுதிகளுக்கான மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த தசாப்தங்களில் திருத்தங்கள் வந்தன. 1912இல் அது புதுப்பிக்கப்பட்டது. இச்சட்டங்களின் வரலாறு முழுவதும் ஓயாது ஒலிப்பது, செலவை ஏற்க வேண்டியவர் துரைமாரா அரசா என்ற தகராறாகும். தொழிலாளியின் உடல் அங்கே உழைப்புச் சக்தியின் கொள்கலனாகவே கருதப்பட்டது. பெரட்டுக்கு வரக்கூடிய உடல், செக்ரோலில் பேர் விழக்கூடிய உடல் என்பதே சுகத்தின் வரைவிலக்கணம். தோட்டத்து டிஸ்பென்சரியின் பணி, காய்ச்சலையும் வயிற்றோட்டத்தையும் காயத்தையும் மாற்றித் தொழிலாளியை மலைக்கு மீள அனுப்புவதாகும். மண்டபம் முகாமில் நிகழ்ந்த தனிமைப்படுத்தலும் பரிசோதனையும் கொள்ளைநோய் கடல் கடந்து வாராதிருக்கச் செய்யப்பட்டவையே.

இதற்கு மறுக்க முடியாத சான்றொன்று உண்டு. 1916இல் றொக்பெல்லர் மன்றத்தின் அனைத்துலக சுகாதாரப் பிரிவு கொக்கிப்புழு நோய்க்கு எதிரான இயக்கத்தை இலங்கைத் தோட்டங்களிலே தொடங்கியது. இரத்தசோகையால் தளர்ந்த தொழிலாளியின் உழைப்புக் குறைவு என்பது தோட்டக்காரர் எளிதில் உணரக்கூடிய கணக்கு. ஆகவே விரிவுரைகளும் படங்களும் மலசல கூடங்களும் தோட்டத்துக்குள் வந்தன. உழைப்பைக் குறைக்கும் நோயென்றால் விழிப்புணர்வு இயக்கத்துக்குத் தோட்ட வாயில் திறக்கும் என்பதை இது காட்டுகின்றது. முதலாம் வகை நீரிழிவோ அத்தகைய நோயன்று. அது அரிதாக வருவது. ஒரு தோட்டத்தில் ஒரு பிள்ளைக்கு வரலாம், வராமலும் விடலாம். அது வருபவர் பெரும்பாலும் இன்னும் பேர் பெறாத வயதினர். செக்ரோலில் இடம்பெறாத உடலின் நோய் தோட்ட மருத்துவத்தின் கண்ணில் படுவதற்கு எந்தப் பொருளியற் காரணமும் இருக்கவில்லை.

மேலும், அந்நோயின் அறிகுறிகள் தோட்டத்தின் அன்றாடத் துன்பங்களோடு எளிதிற் கலந்துவிடக்கூடியன. மெலிவைப் புழுவென்றும் வறுமையென்றும் கொள்ளலாம். வாந்தியையும் வயிற்று வலியையும் உணவுக் கோளாறு எனலாம். அமிலம் மிகுந்த நிலையில் ஆழ்ந்து விரைந்து வாங்கும் மூச்சைக் குளிர்நாட்டின் நெஞ்சுச்சளி எனலாம். மயக்கத்தைக் காத்துக் கருப்பென்று கொண்டு மந்திரிப்பவரிடம் ஓடலாம். இவற்றுள் ஒவ்வொன்றும் அச்சூழலுக்குப் பொருந்திய விளக்கமே. தாய் தந்தையரின் அறியாமை எனப் பழிப்பது எளிது. ஆனால் அறிவதற்கான வழியை அடைத்து வைத்த அமைப்பே இங்கு விசாரணைக்குரியது.

5

நாட்டின் பொதுச் சுகாதார சேவை இவ்வமைப்பை மாற்றவில்லையா என்ற வினா எழுவது நியாயம். 1951இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. இலவச மருத்துவம் இலங்கையின் பெருமைகளில் ஒன்றாயிற்று. ஆனால் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றோராக்கியிருந்தது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமும் 1974இன் தொடர் ஒப்பந்தமும் அவர்களை எண்களாகப் பங்கிட்டன. இப்பிரச்சினை சட்ட அளவில் தீர 2003ஆம் ஆண்டுவரை செல்ல வேண்டியிருந்தது. வாக்கில்லாத மக்களுக்காக வைத்தியசாலை கேட்பவர் பாராளுமன்றத்தில் அருகியிருந்தனர். தோட்டத்து மருத்துவம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாகவே நெடுங்காலம் நின்றது. 1972இலும் 1975இலும் நிகழ்ந்த காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் கம்பனிகளுக்குக் கையளிக்கப்பட்டபோதும், தேசிய சுகாதார சேவையோடு தோட்டத்தை முழுமையாக இணைக்கும் பணி முற்றுப்பெறவில்லை.

மருந்துத் துறையில் இதே காலப்பகுதியில் இலங்கை உலகுக்கே முன்னோடியாக ஒரு காரியம் செய்தது. இடதுசாரித் தலைவரும் மருத்துவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும், சமசமாஜக் கட்சியைச் சேர்ந்த மருந்தியற் பேராசிரியர் சேனக்க பிபிலேயும் சமர்ப்பித்த அறிக்கையின் வழியில், 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. பிபிலே பேராதனை மருத்துவ பீடத்திலும் பணியாற்றியவர். வணிகப் பெயரால் அன்றி மருந்தின் பொதுப்பெயரால் மருந்து வாங்குதல், உலகச் சந்தையிற் கேள்விப்பத்திரம் கோரி மலிவாகப் பெறுதல், தேவையற்ற மருந்துகளை நீக்குதல் என்பன அவர் கொள்கையின் தூண்கள். பன்னாட்டுக் கம்பனிகளின் கடும் எதிர்ப்பை அது சந்தித்தது. 1977இல் பிபிலே கயானாவில் காலமானார், அதே ஆண்டின் ஆட்சி மாற்றம் திறந்த பொருளாதாரத்தைக் கொணர்ந்தது, கொள்கை சிதைந்தது. அதே 1977இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்சுலின் இடம்பெற்றது. இன்சுலினில் உயிர் தங்கியிருக்கும் ஏழைக் குடும்பமொன்றுக்குப் பிபிலேயின் கொள்கை எத்தகைய பொருளுடையது என்பதை விளக்க வேண்டியதில்லை. 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் நாட்டின் வைத்தியசாலைகளில் மருந்துகள் அருகியபோது, ஐம்பதாண்டுகளுக்கு முன்னர் எழுப்பப்பட்ட அந்த வினா மீண்டும் நம்முன் வந்து நின்றது.

6

நோர்வூட்டின் இன்றைய நிலையில் மாற்றங்கள் இல்லையென்பது வரலாற்றுக்குப் புறம்பாகும். 2017 மே 12ஆம் திகதி, இந்திய நிதியுதவியுடன் 150 கட்டில்களோடு கட்டப்பட்ட டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையை இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். அன்றே நோர்வூட் மைதானத்தில் நடைபெற்ற பெருங்கூட்டத்தில், மேல், தென் மாகாணங்களில் முந்திய ஆண்டு தொடங்கிய '1990' அவசர ஊர்திச் சேவை ஏனைய மாகாணங்களுக்கும் விரிக்கப்படும் என அறிவித்தார். மயங்கிய பிள்ளையைத் தோளில் தூக்கி மலையிறங்கிய காலத்தோடு ஒப்பிட இவை சிறிய காரியங்கள் அல்ல. அரச வைத்தியசாலைகளில் இன்சுலின் இலவசமாக வழங்கப்படுகின்றது என்பதும் பெரிய காரியமே.

ஆயினும் இலவசம் என்ற சொல்லின் எல்லையை நாம் அளந்து பார்க்க வேண்டும். முதலாம் வகை நீரிழிவோடு வாழ்தல் என்பது நாளொன்றுக்குப் பல தடவை ஊசி ஏற்றுதலும், பல தடவை விரல் நுனியில் இரத்தம் எடுத்துக் குளுக்கோசை அளத்தலும், உண்ணும் மாப்பொருளுக்கும் ஓடியாடும் அளவுக்கும் ஏற்ப மருந்தைக் கூட்டிக் குறைத்தலுமாகும். அளக்கும் கருவிக்குரிய பட்டிகள் பெரும்பாலும் கைக்காசிலேயே வாங்கப்பட வேண்டியன. கிளினிக்குக்குப் பிள்ளையைக் கூட்டிச்செல்லும் நாளில் தாய்க்குப் பேர் இல்லை. 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளத்தில் ஒரு நாளை இழப்பதோடு, மலையிலிருந்து இறங்கவும் ஏறவும் ஓட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் கொடுக்க வேண்டும். கோதுமை மா ரொட்டியே காலையுணவான லயத்தில், உணவை அளந்து உண்ணும் அறிவுரையைத் தாதி சொல்லுமளவு எளிதாகக் கடைப்பிடிக்க முடியாது. மருந்து இலவசமாக இருக்கலாம்; மருந்தோடு வாழும் வாழ்க்கை இலவசமன்று.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை எவ்வாறு பேணுவது என்பதும் இவ்வாறான பிரச்சினையே. திறக்கப்படாத குப்பியை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைத்தல் வேண்டும், உறைய விடலாகாது. பாவனையிலுள்ள குப்பி, வெயிலும் அடுப்பு வெப்பமும் படாத குளிர்ந்த இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் கெடாதிருக்கும். சமவெளியில் மண்பானைக்குள் நீரும் மணலும் இட்டுக் காக்க வேண்டியதை, நோர்வூட்டின் குளிர் ஓரளவு தானே செய்துவிடுகின்றது. ஆனால் அடுப்பும் படுக்கையும் அடுத்தடுத்திருக்கும் லயத்து அறையில் வெப்பம் படாத மூலையைத் தேடிக்கொள்ள வேண்டும். வீடமைப்பு மருத்துவப் பிரச்சினையே என்பதை இச்சிறு குப்பி உணர்த்துகின்றது.

7

விழிப்புணர்வுக்கு வருவோம். இந்நோயின் வரலாற்றில் விழிப்புணர்வு இயக்கம் எழுதுகோலோடு தொடர்புடையது என்பது இலக்கிய மாணவர்களாகிய நாம் கருத வேண்டிய செய்தி. 1934இல் இலண்டனில் நீரிழிவாளர் சங்கத்தைத் தோற்றுவித்தவர்கள் இருவர். ஒருவர் ஆர். டி. லோறன்ஸ் என்ற மருத்துவர். இன்சுலின் 1923இல் கிடைத்திராவிடில் தாமே மாண்டிருக்கக்கூடிய நோயாளி. மற்றவர் எச். ஜீ. வெல்ஸ் என்ற புகழ்பெற்ற நாவலாசிரியர். சோசலிசக் கருத்துடையவர், தாமும் நீரிழிவு கண்டவர். நோயாளரைப் பரிதாபத்துக்குரியோராகக் கொள்ளாது, தமது நோயைக் கற்றுத் தமது உரிமையைக் கேட்கும் கூட்டமாக அணிதிரட்டியதே அச்சங்கத்தின் சிறப்பு. பான்ரிங்கின் பிறந்த நாளாகிய நவம்பர் 14, 1991 முதல் உலக நீரிழிவு தினமாகக் கொண்டாடப்படுவதும், 2006 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அதனை ஏற்றுக்கொண்டதும் அவ்வழியில் வந்த விளைவுகளே. ஆனால் நகர மண்டபத்தில் பதாகை கட்டி நடத்தப்படும் தினம் தோட்டத்து லயத்தைத் தானாகச் சென்றடைவதில்லை.

மலையகத்துக்கு இதில் தன்னுடைய முன்மாதிரி உண்டு. 1931இல் அட்டனில் தொழிற்சங்கத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யர், வெளியார் நுழையத் தடையிருந்த தோட்டங்களுக்குள் புடவை வியாபாரி வேடத்திற் சென்றவர் என்பர். அவரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மாளும் தொழிலாளருக்குத் தெரிந்த மெட்டுகளிலே பாட்டுகளை இயற்றி, அச்சிட்டு, தாமே பாடி உரிமையுணர்வைப் பரப்பினர். எழுத்தறிவு குன்றிய மக்களிடம் கருத்து செல்ல வேண்டிய வழி எதுவென அவர்கள் அறிந்திருந்தனர். காமன் கூத்து இன்றும் தோட்டத்து மக்களை ஒரே இடத்தில் கூட்டுகின்றது. பிள்ளைக் காம்பரா, பாடசாலை, கோயில் திருவிழா, தொழிற்சங்கக் கூட்டம் ஆகியன அறிவு பரவக்கூடிய இயல்பான களங்கள். அக்களங்களில் மக்களது மொழியில் சொல்லப்பட வேண்டியவை மிகச் சிலவே.

பிள்ளை அடிக்கடி சிறுநீர் கழித்தல், ஓயாத தாகம், உண்டும் மெலிதல், சோர்வு என்னும் நான்கையும் ஒருங்கே கண்டால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று குளுக்கோசைச் சோதிக்கக் கேட்க வேண்டும். படுக்கை நனைப்பதை நிறுத்திய பிள்ளை மீண்டும் நனைக்கத் தொடங்கினால் அடிக்காமல் ஐயுற வேண்டும். வாந்தியும் வயிற்றுவலியும் ஆழ்ந்த மூச்சும் சேர்ந்தால் மறுநாள்வரை காத்திருத்தல் ஆகாது. நோய் கண்டறியப்பட்ட பின் இன்சுலினை எக்காரணங்கொண்டும் கைவிடலாகாது. கசாயமோ பத்தியமோ மந்திரமோ அதற்கு ஈடாகா. காய்ச்சலில் பிள்ளை உண்ணாதபோதும் முற்றாக நிறுத்தாது மருத்துவரைக் கேட்க வேண்டும். வியர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறினால் குளுக்கோசு குறைந்துவிட்டது என்றறிந்து, மூன்று தேக்கரண்டி சீனியை நீரிலோ தேத்தண்ணியிலோ கரைத்துக் கொடுக்க வேண்டும். நினைவிழந்த பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாது உடனே வைத்தியசாலைக்கு எடுத்துச்செல்ல வேண்டும். வகுப்பாசிரியர் இவற்றை அறிந்திருந்தால், பிள்ளை பாடவேளையில் தண்ணீர் குடிக்கவும் வெளியே செல்லவும் தடையிராது. 'சீனி வியாதிக்காரிக்கு ஏன் சீனி?' என்று கேட்டு அவ்வேளையில் கையைத் தட்டிவிடுவோரும் இரார்.

சமூக இழிவு என்னும் கூறையும் இங்கு மறத்தலாகாது. பெண்பிள்ளைக்கு நோய் வந்தால் அதனைப் பிற்காலத் திருமணத்தின் பொருட்டு மறைப்பதும், மறைப்பதன் பொருட்டு ஊசியைத் தவிர்ப்பதும் உயிரிழப்பில் முடியக்கூடியன. இன்சுலினை ஒழுங்காகப் பெறுவோர் கற்கவும் தொழில் செய்யவும் மணம் புரியவும் பிள்ளை பெறவும் இயலும் என்பது மருத்துவத்தின் நிறுவப்பட்ட உண்மை. இதனைச் சொல்வதும் விழிப்புணர்வின் பகுதியே.

8

விழிப்புணர்வு என்பதைத் தனிமனிதருக்கு உபதேசம் செய்வதாகச் சுருக்கிவிடும் போக்கை நாம் ஏற்க முடியாது. அறிந்தும் வாங்க இயலாத தாயிடம் மேலும் அறிவுரை கூறுவது அவளைக் குற்றவாளியாக்குவதாகும். அதேவேளை, சமூக மாற்றம் வரட்டும், அதன்பின் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் பொறுப்பின்மையே. இன்சுலின் இன்றி வாரக்கணக்கிற்கூடக் காத்திருக்க முடியாத நோய் இது. அறிகுறிகளைத் தோட்டத்து மொழியிற் பரப்புதலும், அளவைப் பட்டிகளையும் கிளினிக் நாளுக்குரிய சம்பளத்தையும் உரிமையாகக் கேட்டலும் ஒரே இயக்கத்தின் இரு கைகளாக அமைதல் வேண்டும். பேச்சுவார்த்தைகளில் சம்பளத்தையும் தலைக்கு இத்தனை கிலோ என்பதையும் பேசும் தொழிற்சங்கங்கள், நோயுற்ற பிள்ளையின் தாய்க்குரிய சம்பளத்துடனான கிளினிக் நாளையும் பேசுவதற்கு என்ன தடை?

மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்த மாணவர்களிடம் ஒரு வேண்டுகோளுடன் இக்கட்டுரையை நிறைவு செய்யலாம். மருத்துவ அறிவைத் தமிழில் எழுதுவது என்பது கலைச்சொல் ஆக்குவதோடு முடிந்துவிடும் பணியன்று. நிர்ப்பீடனம், சதையி, கீற்றோன் என்ற சொற்கள் நமது இதழுக்குப் போதும். பிள்ளைக் காம்பராவுக்குப் போதா. அங்கு விளங்கும் தமிழில் நான்கு அறிகுறிகளையும் எழுதி, அதனை விடுமுறைக்கு ஊர்செல்லும்போது கையோடு கொண்டுசெல்வது அவர்களாற் கூடிய காரியம். நோர்வூட்டில் ஒரு தாய், தன் பிள்ளையின் தாகத்தைக் கண்டு, காலம் தாழ்த்தாது கிளங்கனுக்குப் புறப்படுவாளாயின், 1922இல் ரொறன்ரோவில் நிகழ்ந்தது நூறாண்டு கழித்தேனும் இம்மலைக்கும் உரியதாகும்.